பராக்குப் போன இடத்தை எழுது

1

ஊரிலிருந்து கடிதம் போடுகிறவர்கள் எல்லாரும் சிங்கம் பார்த்தாயா என்றுதான் முதலில் கேட்கிறார்கள். ஜாம்பியாவுக்கு வந்து நாலு வருஷம் ஆகப்போகிறது. இன்றுவரை ஒரு சிங்கமும் என் கண்ணில் படவில்லை. நான் பார்த்ததெல்லாம் குடிநுழைவு ஆபீஸின் நீளப் பெஞ்சும், சமையல் எண்ணெய் வந்துவிட்டதாம் என்று யாராவது சொன்னதும் கடை வாசலில் முளைக்கிற வரிசையும்தான். அந்த வரிசையில் நிற்கும்போது முன்னால் நிற்கிற அம்மாள் திரும்பி, என் பிள்ளையின் பெயரைக் கேட்டு, தன் பிள்ளையின் பெயரைச் சொல்லி, நான் கால் வலிக்கிறது என்றால் தன் கூடையைக் கவிழ்த்து உட்காரச் சொல்வாள். இந்த ஊர் எனக்குச் செய்த முதல் மரியாதை அந்தக் கவிழ்த்த கூடைதான். அதனால் இந்தக் குறிப்புகளில் புலம்பல் குறைவாகத்தான் இருக்கும், மன்னித்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் இருப்பது செம்புச் சுரங்கத்து ஊர் ஒன்றில். என் கணவர் ஆண்கள் பள்ளியில் கணக்கு வாத்தியார். நான் பெண்கள் பள்ளியில் ஆங்கில இலக்கியம் நடத்துகிறேன். எங்களைப் போன்றவர்களுக்கு இங்கே ஒப்பந்த வேலைதான். கெடு முடிகிற சமயம் தலைமையாசிரியர் சிபாரிசு செய்து கையெழுத்துப் போட்டால் மறுபடியும் இருக்கலாம். போடாவிட்டால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான்.

போன மாதம் ஒரு திங்கட்கிழமை எங்கள் தலைமையாசிரியர் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். அவரை முசோண்டா என்று வைத்துக்கொள்வோம். பெயரை மாற்றியிருக்கிறேன்; அவர் சம்மதித்த அளவுக்குத்தான் எழுதுகிறேன். நெட்டையான மனிதர், வெயில் எப்படிக் கொளுத்தினாலும் கோட்டைக் கழற்றாதவர். என் ஒப்பந்தத் தாள் கையெழுத்தில்லாமல் அவர் மேசையில் கிடந்தது.

“உங்கள் மூன்றாம் படிவத்துப் பெண்கள் வெள்ளிக்கிழமைகளில் ஏதோ நோட்டு எழுதுகிறார்களாமே. அவை எல்லாவற்றையும் வரும் வெள்ளிக்கிழமை என் அறைக்கு அனுப்புங்கள்” என்றார்.

“எதற்காக சார்?”

“நான் பார்க்க வேண்டும்.”

சரி என்றும் சொல்லாமல் இல்லை என்றும் சொல்லாமல் வெளியே வந்தேன். அந்த நோட்டுகளை நான் கொடுக்க முடியாது. கொடுக்காவிட்டால் அந்தத் தாளில் கையெழுத்து விழாமல் போகலாம். ஏன் கொடுக்க முடியாது என்று உங்களுக்குப் புரிய வேண்டுமென்றால் தூத்துக்குடியில் எனக்கு நடந்ததைச் சொல்லியாக வேண்டும்.

2

எழுபத்திரண்டில் தூத்துக்குடியில் கடற்கரையை ஒட்டிய பெண்கள் பள்ளி ஒன்றில் எனக்குத் தற்காலிக வேலை கிடைத்தது. நான் நாசரேத்துக்காரி. அப்பா புராட்டஸ்டண்டு சபையில் உபதேசியாராக இருந்து காலமானவர். தம்பியின் படிப்பு என் சம்பளத்தை நம்பி நின்றது. எங்கள் ஊரில் பாவத்தை நேரே கடவுளிடம் சொல்லிவிடுவோம், நடுவில் ஆள் கிடையாது. தூத்துக்குடிக் கடற்கரையோ கத்தோலிக்கக் கடற்கரை. நாங்கள் ஆராதனை என்போம், அவர்கள் பூசை என்பார்கள். குருவானவரை நாங்கள் ஐயர் என்போம், அவர்கள் சாமியார் என்பார்கள். பஸ்ஸில் ஏறிக் கண்ணயர்ந்தால் வந்துவிடுகிற தூரம்தான், ஆனாலும் முதல் மாதம் முழுக்க நான் கப்பலேறி வந்தவள் மாதிரிதான் நடமாடினேன். இங்கே ஜாம்பியாவில் எனக்கு அவ்வளவு மிரட்சி இல்லாமல் போனதற்கு அந்தப் பயிற்சிதான் காரணம் என்று நினைக்கிறேன்.

எனக்குக் கொடுத்தது பத்தாம் வகுப்பு ஆங்கிலம். பிள்ளைகளில் முக்கால்வாசிப் பேர் கடல்வேலைக் குடும்பங்கள். தகப்பன்மார் தோணியில் கொழும்புக்குச் சரக்கேற்றிப் போவார்கள், அல்லது மீன்பிடிக்க, சங்கு குளிக்கப் போவார்கள். ஆங்கிலப் பாடப் புத்தகத்தில் ஒரு கதை. கடலுக்குப் போன மகன் வருவான் என்று சன்னலில் விளக்கு ஏற்றி வைத்துக்கொண்டே இருக்கிற ஒரு வெள்ளைக்காரக் கிழவி. அந்தக் கதைக்கு எனக்கு முன்னால் இருந்த டீச்சர் எழுதிப்போட்ட கேள்வி பதிலைப் பிள்ளைகள் தலைகீழாக ஒப்பித்தார்கள். விளக்கு எதைக் குறிக்கிறது? விளக்கு நம்பிக்கையைக் குறிக்கிறது. எல்லா விடைத்தாளிலும் ஒரே வாக்கியம், ஒரே இடத்தில் ஒரே கமா. தினமும் கடலைப் பார்த்து வளர்கிற பிள்ளைகள் கடல் கதைக்கு இப்படிப் பதில் எழுதினால் யாருக்குத்தான் ஆற்றாமை வராது?

பயிற்சிக் கல்லூரியில் ஒரு பேராசிரியை வேறு வழி ஒன்று சொல்லித் தந்திருந்தார். இலக்கியம் படிக்கிற பிள்ளை ஒவ்வொருத்தியும் தனக்கென்று ஒரு நோட்டு வைத்துக்கொள்ள வேண்டும். படித்தது தன்னை எங்கே தொட்டது, எங்கே தொடவில்லை, என்ன ஞாபகம் வந்தது என்று தன் மொழியில் எழுத வேண்டும். டீச்சர் அதற்கு மார்க் போடக் கூடாது, பிழை திருத்தக் கூடாது, வாசித்துவிட்டு ஒரு வரி பதில் எழுதினால் போதும். கேட்கும்போது சுலபமாகத்தான் இருந்தது. வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியடில் ஆளுக்கு ஒரு மெல்லிய நோட்டைக் கொடுத்தேன். தமிழிலேயே எழுதலாம் என்றேன். பிறகு வகுப்பின் முன்னால் நின்று, நன்றாக யோசித்து வைத்திருந்ததைச் சொன்னேன்.

“உங்க மனச நல்லா சோதிச்சுப் பாருங்க. உள்ளத உள்ளபடி எழுதுங்க. எதையும் மறைக்கக் கூடாது. நான் மட்டும்தான் படிப்பேன்.”

பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். வகுப்பில் அப்படி ஒரு அமைதியை நான் அதுவரை கண்டதில்லை. என் பேச்சின் மகிமை என்று நினைத்துக்கொண்டேன்.

3

சனிக்கிழமை காலை நோட்டுகளைப் பிரித்தேன். முதல் நோட்டின் தலைப்பில் இ.ம.சூ. என்று எழுதியிருந்தது. இயேசு மரி சூசை. அதற்குக் கீழே: “டீச்சர், இந்தப் பாடம் படித்ததில் நான் கட்டிக்கொண்ட பாவங்களாவன.”

இரண்டாவது நோட்டும் அப்படியே. மூன்றாவதும் அப்படியே. விளக்குப் பாடம் வாசிக்கையில் பராக்காயிருந்தேன், பல தடவை. கிழவி அழுத இடத்தில் பிலோமி காதில் ஏதோ சொல்லிச் சிரித்தேன். பாடம் பிடிக்கவில்லை, பிடித்திருக்கிறது என்று டீச்சரிடம் பொய் சொன்னேன். கிழவியின் மகன் வரமாட்டான் என்று முதலிலேயே நினைத்தேன், அது அவநம்பிக்கை. இந்தப் பாவங்களுக்காகவும் மறந்துபோன பாவங்களுக்காகவும் மனஸ்தாபப்படுகிறேன்.

இந்த முதல் வாரத்து விஷயம் அந்த வகுப்புப் பிள்ளைகளே பிற்பாடு எல்லாரிடமும் சொல்லிச் சிரித்தது, அதனால்தான் இங்கே சொல்கிறேன். நடந்தது இதுதான். மனதைச் சோதித்துப் பார், மறைக்காதே, உள்ளபடி சொல், கேட்கிறவர் ஒருவரைத் தவிர யாருக்கும் தெரியாது என்பதெல்லாம் அந்தப் பிள்ளைகள் ஏழெட்டு வயதில் ஞானோபதேச வகுப்பில் கேட்டுப் பாடமாக்கிய சங்கதி. தொட்டி என்கிற மரக்கூண்டில் உட்கார்ந்திருக்கும் சாமியாரிடம் போய்ப் பாவத்தைச் சொல்கிற பாவசங்கீர்த்தனத்துக்கு முன்னால் செய்கிற ஆத்தும சோதனை அது. நாசரேத்து உபதேசியார் மகள் தன்னை அறியாமல் தூத்துக்குடியில் ஒரு பாவசங்கீர்த்தனத் தொட்டி திறந்துவிட்டாள்.

சிரித்தேன், கண்ணீர் வரச் சிரித்தேன். பிறகு பயம் வந்தது. இது என் கைக்கு வரவேண்டிய சரக்கே இல்லை.

திங்கட்கிழமை வகுப்புக்குள் போனதும் கடைசிப் பெஞ்சில் பிலோமி எழுந்து நின்றாள். சங்கு குளிக்கிறவர் மகள். குரல் மணி மாதிரி, வகுப்பில் முக்கால் சண்டைக்கு அவள்தான் காரணம்.

“டீச்சர், நாங்க எல்லாம் சொல்லியாச்சுல்லா? நீங்க அபராதம் கொடுக்கலையே.”

பாவத்தைக் கேட்ட சாமியார் பரிகாரமாக இத்தனை செபம் சொல்லு என்பாரே, அதைத்தான் அவர்கள் அபராதம் என்பார்கள். பக்கத்தில் இருந்த பெண் பிலோமியின் பாவாடையைப் பிடித்து இழுத்தாள்.

“ஏளா, சும்மா இரி. டீச்சர் நாசரேத்துல்லா. அவுகளுக்கு அதெல்லாம் கெடையாது.”

“கெடையாதுன்னா அப்ப நம்ம பாவம் என்னாவும்?”

நியாயமான கேள்வி. இது பாவசங்கீர்த்தனம் இல்லை, ஒழுங்காக எழுதுங்கள் என்று அதட்டியிருக்கலாம். அதட்டத்தான் வாயெடுத்தேன். அதற்குள் நோட்டுகள் எல்லாவற்றிலும் இருந்த ஒரு வார்த்தை எனக்கு உறைத்தது. பராக்காயிருந்தேன். செபத்தில் மனம் ஓடிப்போனால் பராக்கு. இந்தப் பிள்ளைகள் பாடம் படிக்கையில் மனம் ஓடிப்போனதைப் பாவம் என்று எழுதியிருக்கிறார்கள். நான் கேட்டதே அந்த ஓட்டத்தைத்தானே!

“சரி, அபராதம் சொல்லுதேன். எல்லாரும் அந்தப் பாடத்த இன்னொரு தடவ மெதுவா வாசிங்க. எந்த வரியில பராக்கு வருதோ அங்க நிறுத்துங்க. பராக்கு எங்க போச்சோ அந்த இடத்த எழுதுங்க.”

“பராக்கை எழுதணுமா டீச்சர்?” பிலோமிக்கு நம்ப முடியவில்லை.

“பராக்கைத்தான் எழுதணும்.”

அடுத்த வெள்ளிக்கிழமை அவர்கள் எழுதியதைப் படித்துவிட்டு நான் மத்தியானம் சாப்பிட மறந்துபோனேன். அதிலிருந்து ஒன்றே ஒன்றை மட்டும் சொல்ல எனக்கு அனுமதி இருக்கிறது. நான் அந்தப் பள்ளியை விட்டுக் கிளம்பிய அன்று பிலோமி வந்து, “என்னோடத மட்டும் யார்ட்ட வேணும்னாலும் சொல்லுங்க டீச்சர், எங்க மாமாட்டயும் சேத்துச் சொல்லுங்க” என்றாள்.

சங்கு குளிக்கிறவர் கயிற்றைக் கட்டிக்கொண்டுதான் கடலுக்குள் இறங்குவார். மேலே தோணியில் ஒருவர் கயிற்றைப் பிடித்திருப்பார். கீழே இருந்து அசைவு வந்ததும் இழுக்க வேண்டியது அவர். அந்தக் கயிற்றை மச்சான்காரன் கையில்தான் கொடுப்பார்கள், தங்கச்சி தாலிக்காகவாவது ஒழுங்காக இழுப்பான் என்று. பிலோமியின் அம்மாவுக்கும் மாமாவுக்கும் ஏதோ வீட்டுத் தகராறில் பேச்சுவார்த்தை இல்லை. ஆனால் கயிறு மாமா கையில். அப்பா கடலுக்கு இறங்குகிற நாளெல்லாம் அம்மா விடியக் கருக்கலில் எழுந்து மாமாவுக்குப் பிடித்த விளமீன் குழம்பு வைத்து, யார் வைத்தது என்று சொல்லாமல் அப்பாவின் தூக்குச் சட்டியில் கொடுத்துவிடுவாள். மாமாவும் யார் வைத்தது என்று கேட்காமல் தின்றுவிடுவார். “கிழவி விளக்கு வைத்தாள் என்று வாசித்த இடத்தில் எனக்கு அந்தக் குழம்பு வாசம் வந்துவிட்டது டீச்சர். அதற்குமேல் பாடம் ஓடவில்லை” என்று எழுதியிருந்தாள். அதன் பிறகு விளக்கு எதைக் குறிக்கிறது என்று அந்த வகுப்பில் நான் கேட்டதே இல்லை.

4

நல்லது நடந்தால் சும்மா விடுவார்களா? ஒரு பிள்ளை வீட்டில் போய், இந்தச் சனிக்கிழமை கோயிலுக்குப் போக வேண்டாம், எல்லாப் பாவத்தையும் டீச்சரிடம் சொல்லியாகிவிட்டது என்று சொல்லியிருக்கிறாள். அவள் அம்மா நேரே பள்ளிக்கு வந்துவிட்டார். கன்னியாஸ்திரி மடத்துப் பள்ளியில் ஒரு நாசரேத்து டீச்சர் உட்கார்ந்து பாவசங்கீர்த்தனம் கேட்கிறாள் என்றால் அது சின்ன விஷயமா? ஆசிரியர் அறையில் நான் நுழைந்தால் பேச்சு நின்றது.

தலைமையாசிரியை மதர் மணப்பாட்டுக்காரர். கனத்த உடம்பு, மெல்லிய குரல். அந்தக் குரலுக்குத்தான் எல்லாரும் நடுங்குவார்கள். என் வேலையை நிரந்தரமாக்குவதா வேண்டாமா என்று அவர் எழுதி அனுப்ப வேண்டிய சமயம் அது.

“அந்த நோட்டெல்லாம் சாயங்காலத்துக்குள்ள என் மேசைக்கு வரணும் டீச்சர்.”

“மன்னிக்கணும் மதர். நான் மட்டும்தான் படிப்பேன்னு பிள்ளைகள்ட்ட சொல்லியிருக்கேன்.”

“ஓகோ. நீங்க பாவசங்கீர்த்தனத்த நம்புதீகளா?”

“இல்ல மதர்.”

“நம்பாதவுகளுக்கு என்னத்துக்கு இந்த ரகசியமெல்லாம்?”

தம்பியின் முகம்தான் முன்னால் வந்தது. வாயிலிருந்து வந்ததோ வேறு.

“நான் நம்பல மதர். பிள்ளைக நம்புதுக.”

மதர் என்னைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டு பார்த்தார்.

“உங்ககிட்ட சொன்னது கணக்குல சேராதுன்னு அந்தப் பிள்ளைகள்ட்ட சொல்லுங்க. சனிக்கிழமை ஒழுங்கா கோயிலுக்குப் போணும்.”

“சொல்லுதேன் மதர்.”

“நோட்ட எங்க வைக்கீக?”

“ஆசிரியர் அறை மேசை மேல.”

“மேசை மேலயா?” அந்த மெல்லிய குரல் முதல் தடவையாக உயர்ந்தது. “இத யாராவது மேசை மேல வைப்பாகளா? என்ன டீச்சர் நீங்க!”

சாயங்காலம் இரண்டு ஆட்கள் ஒரு தேக்கு அலமாரியைத் தூக்கிக்கொண்டு வந்து என் வகுப்பு மூலையில் வைத்தார்கள். கோயிலில் பூசை உடுப்புகள் வைத்திருந்த பழைய அலமாரி. நல்ல பூட்டு. ஒரே சாவி, அதை மதர் என் கையில் கொடுத்தார். கதவைத் திறந்தால் சாம்பிராணி மணக்கும். இரண்டு வருஷம் அந்தப் பிள்ளைகளின் பராக்குகள் எல்லாம் சாம்பிராணி மணத்தோடுதான் என் வீட்டுக்கு வந்து போயின. வேலையும் நிரந்தரமானது. கல்யாணம் ஆகி, மகன் பிறந்து, கணவருக்கு இங்கே ஒப்பந்தம் கிடைத்து, அந்த நிரந்தர வேலையை நானே விடுவதாக எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். சாவியைத் திருப்பிக் கொடுக்கும்போது மதருக்கு நன்றி சொல்ல நினைத்துச் சொல்லாமலே வந்துவிட்டேன். இப்போது சொல்கிறேன்: மதர், நீங்கள் கொடுத்தது அலமாரி மட்டும் இல்லை.

5

இங்கே வந்த பிறகு என் பெயருக்கே பல அவதாரம். அப்பா பெயர், குடும்பப் பெயர், கணவர் பெயர் என்று அவர்கள் படிவத்தில் மூன்று கட்டம். எங்களுக்கு ஏது குடும்பப் பெயர்? ஓர் ஆபீஸில் நான் என் அப்பாவின் மனைவியாகப் பதிவாகியிருக்கிறேன். திருத்தப் போனால், அந்தக் குமாஸ்தா என்னைவிட வருத்தப்பட்டு, தேநீர் வாங்கிக் கொடுத்து, அடுத்த மாதம் வரச் சொன்னார். அடுத்த மாதமும் தேநீர்தான் கிடைத்தது.

கடல் இல்லாத நாடு இது. ஆனால் கபென்டா என்று ஏரியில் பிடித்துக் காயவைத்த பொடிமீன் சந்தையில் குவிந்திருக்கும். நெத்திலிக் கருவாடுதான், சந்தேகமே இல்லை. நான் புளி விட்டுக் குழம்பு வைத்தால் பக்கத்து வீட்டு அம்மாள் சோளக் களியோடு வந்துவிடுவார். என் மகன் ராபினுக்கு ஐந்து வயது. அவன் குழம்பை விட்டுக் களியோடுதான் நிற்கிறான். என்னைப் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் மாதிரி பெம்பா மொழியில் “பா மாயோ” என்றுதான் கூப்பிடுகிறான். மரியாதையோடு அம்மா என்று அர்த்தம். தமிழில் கேட்டால் பெம்பாவில் பதில் வரும். காய்ச்சல் வந்தால் மட்டும் தமிழ். அவனுக்குக் காய்ச்சல் வரக்கூடாது என்று வேண்டிக்கொண்டே, தமிழ் வருகிறதே என்று சந்தோஷப்படுகிற என்னை என்ன சொல்வது!

பள்ளியில் என் மூன்றாம் படிவத்துப் பெண்களுக்கும் வெள்ளிக்கிழமை நோட்டுக் கொடுத்தேன். முன்னால் பட்டதால், மனதைச் சோதித்துப் பார் என்று மட்டும் சொல்லவில்லை. பராக்கு என்ற சொல்லுக்கு ஆங்கிலத்தில் சரியான வார்த்தை கிடைக்காமல் அதையே கரும்பலகையில் எழுதிச் சொல்லிக் கொடுத்துவிட்டேன். இப்போது அவர்கள் எழுந்து நின்று, “மேடம், என் பராக்கு ஆற்றங்கரைக்குப் போய்விட்டது” என்கிறார்கள். என் மகன் விட்ட தமிழை இந்தப் பிள்ளைகள் பிடித்துக்கொண்டார்கள் என்று என் கணவர் கேலி செய்கிறார்.

அந்த வகுப்பில்தான் தலைமையாசிரியரின் மகளும் படிக்கிறாள். சிலெஷே என்று அழைக்கிறேன், அதுவும் மாற்றிய பெயர்தான். போன மழைக்காலத்தில் அவள் அம்மா இறந்துபோனார். வகுப்பில் வாய் திறக்க மாட்டாள். வெள்ளிக்கிழமை மட்டும் மணி அடித்த பிறகும் எழுதிக்கொண்டிருப்பாள். அவளுக்கு அது மட்டும்தான் இருக்கிறது என்று எனக்குத் தோன்றும்.

6

வெள்ளிக்கிழமை வந்தது. வெறுங்கையோடு தலைமையாசிரியர் அறைக்குள் போனேன்.

“நோட்டுகள் எங்கே?”

“கொண்டுவரவில்லை சார். நான் மட்டும் படிப்பேன் என்று சொல்லித்தான் எழுத வைத்தேன். கொடுத்தால் இனி ஒருத்தியும் உண்மையாக எழுத மாட்டாள். இதனால் என் ஒப்பந்தத்துக்குத் தடை என்றால், நீங்கள் கையெழுத்துப் போட வேண்டாம்.”

வீட்டில் நூறு தடவை ஒத்திகை பார்த்த வாக்கியம். ராபின் இந்த ஊரை விட்டு வரமாட்டேன் என்று அழப்போவது காதில் கேட்டது. எனக்கே அழுகை வரும்போல இருந்தது. இந்த ஊர் எனக்கு அவ்வளவு பிடித்துப்போயிருக்கிறது.

முசோண்டா எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். திரும்பி வந்தவர் தன் நாற்காலியில் உட்காராமல், பார்க்க வருகிறவர்களுக்குப் போட்டிருக்கிற நாற்காலியில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“எல்லா நோட்டும் வேண்டாம். ஒன்று போதும்.”

எனக்குப் புரிந்துவிட்டது.

“அவள் அம்மா போனதிலிருந்து என்னோடு பேசுவதில்லை. சாப்பிட்டாயா என்றால் ஆம் என்பாள். படித்தாயா என்றால் ஆம் என்பாள். அவ்வளவுதான். உங்களுக்குப் பக்கம் பக்கமாக எழுதுகிறாளாம். என்னைப் பற்றி எழுதுகிறாளா? ஆஸ்பத்திரிக்கு நான் தாமதமாகக் கூட்டிப்போனேன் என்று நினைக்கிறாளா? நீங்கள் நோட்டைக் காட்ட வேண்டாம். ஆம், இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள்.”

மதர் முன்னால் நின்றபோது போகப்போவது என் வேலைதான் என்று தெரியும், அதற்கு ஒரு வீம்பு பிடித்து நிற்க முடிந்தது. இங்கே கோட்டுப் போட்ட ஒரு தகப்பன் கையைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறார். அவர் கேட்டதற்குப் பதில் எனக்குத் தெரியும். ஒரு வார்த்தையில் சொல்லியிருக்கலாம். அந்த வார்த்தை என் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அதை நான் சொன்னால் அவருக்குப் பதில் கிடைக்கும், மகள் கிடைக்க மாட்டாள் என்று பட்டது. சொல்லவில்லை.

கையில் இருந்த பாடப் புத்தகத்தை அவரிடம் கொடுத்தேன். தூரத்து ஊரில் வேலை பார்க்கிறவன் விடுமுறைக்கு வீடு திரும்புகிற ஒரு சின்னக் கதை, அந்த வாரம்தான் வகுப்பில் எடுத்திருந்தேன்.

“உங்கள் மகள் இதைப் படித்திருக்கிறாள் சார். நீங்களும் படியுங்கள். எந்த வரியில் உங்கள் மனம் புத்தகத்தை விட்டு ஓடுகிறதோ அங்கே நிறுத்துங்கள். ஓடிப்போன இடத்தை எழுதுங்கள்.”

“நான் ஆங்கில மாணவன் இல்லை, மேடம்.” குரலில் லேசாகக் கோபம் இருந்தது.

“நான் மார்க் போடப் போவதில்லை.”

“எழுதி உங்களிடம் கொடுக்க வேண்டுமா?”

“என்னிடம் வேண்டாம் சார்.”

அவர் புத்தகத்தைப் பிரித்தார். முதல் பக்கத்தில் கண்ணை வைத்தபடி, நீங்கள் போகலாம் என்று தலையசைத்தார். செவ்வாய்க்கிழமை ஒப்பந்தத் தாள் கையெழுத்தோடு வந்து சேர்ந்தது. பியூன் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். கூடவே ஒரு வார்த்தையும் வரவில்லை. என் கணவரிடம் ஓடிப்போய்க் காட்டி, அன்று ராபினுக்கு அவன் கேட்ட களியே கிண்டிக் கொடுத்தேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை நோட்டுகளை வீட்டுக்குக் கொண்டுவந்து பிரித்தபோது சிலெஷேயின் நோட்டுக்கு நடுவில் நாலாக மடித்த ஒரு தாள் இருந்தது. பள்ளி ஆபீஸ் தாள். நீல மை பின்பக்கம் ஊறித் தெரிந்தது. பெரியவர் ஒருவரின் கையெழுத்து, நெருக்கமாக, அடித்தும் திருத்தியும். மகள் அந்த வாரம் எழுதியிருந்ததைப் படித்து, கீழே ஒரு வரி எழுதினேன். மடித்த தாளை மடித்தபடியே அதே பக்கத்தில் வைத்து மூடினேன்.

திங்கட்கிழமை நோட்டைத் திருப்பிக் கொடுத்ததும் அவள் முதலில் அந்தத் தாளைத்தான் தேடினாள். மடிப்பைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

“மேடம், நீங்கள் இதைப் படிக்கவில்லையா? நீங்கள் படிக்க வேண்டும் என்றுதான் வைத்தேன்.”

“அது எனக்கு வந்தது இல்லையே, சிலெஷே.”

அவள் தாளை எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள். தினமும் மணி அடித்ததும் யாரோடும் சேராமல் தனியாக நடந்து வீட்டுக்குப் போகிற பெண் அவள். அன்று சாயங்காலம் நான் கிளம்பும்போது தலைமையாசிரியர் அறை வாசலில், புத்தகப் பையை மடியில் வைத்துக்கொண்டு, அப்பா வேலை முடிந்து வெளியே வருவதற்காகக் காத்துக்கொண்டிருந்தாள்.